பலூன் கடை என்றால் அப்படித்தானா?

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஐந்து. கொழுந்தனார் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழு பேருக்கும் கல்யாணம் காட்சி பார்த்தாயிற்று. அத்தனை பேரும் தின்ற சோறு பலூன் வெடித்த சத்தத்தில் வந்த சோறு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு மாதா கோயில் திருவிழா. ஊர்ப் பெயர் வேண்டாம். நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். தேர் பவனி நாள், பொழுது சாய்கிற நேரம். வாய்க்கால் ஓரத்துத் திடலில் எங்கள் கடை. மேஜையில் மூன்று துப்பாக்கி. பின்னால் வெள்ளைத் துணி, பலகையில் வரிசையாகப் பலூன், அதற்கும் மேலே நூலில் கட்டித் தொங்கவிட்ட சாக்பீஸ் துண்டுகள். பலூன் சின்னப் பிள்ளைகளுக்கு. சாக்பீஸ் கை தேர்ந்தவர்களுக்கு.

ஒரு பெண் வந்து மூன்றாவது துப்பாக்கியை எடுத்தாள். கல்லூரியில் படிக்கிறவள், அங்கே துப்பாக்கி சுடுகிற அணியில் இருக்கிறாளாம். தோளில் வைத்த விதத்திலேயே தெரிந்தது. மூச்சை அடக்கி நிதானமாகச் சுட்டாள். முதல் குண்டில் சாக்பீஸ் தெறித்தது. அடுத்தது துணியின் உச்சியில் போய்க் குத்தியது. அதற்கடுத்தது கீழே இறங்கி ஒரு பலூனில் பட்டது. பலூன் ஆடியதே தவிர வெடிக்கவில்லை.

அவள் துப்பாக்கியை இறக்கி மேஜையில் வைத்தாள். சண்டைக்கு வருகிற முகம் இல்லை அது.

“பாட்டி, நான் ஒரே எடத்துலதான் குறி வெக்கிறேன். ஒரு குண்டு மேல போவுது, ஒண்ணு கீழ போவுது. குண்டோட வேகம் ஒரே மாதிரி இல்ல.”

பக்கத்தில் அவளுடைய மாமா நின்றார். கையில் பஜ்ஜி. “இத ஏம்மா அவங்ககிட்ட சொல்ற? பலூன் கடைக்காரங்க எப்பவும் இப்படித்தான். கொழல லேசா வளைச்சு வெச்சிருப்பாங்க.”

எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது.

வளைந்த குழல் வேறு, இது வேறு

வளைத்து வைத்திருப்பாங்க! இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப் போய்விட்டது. போன மாதம்கூட வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரிய மனுஷர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, இந்தத் தொடரைப் படிக்கிறேன் என்று சொல்லி, இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள், குழலை வளைத்துத்தானே வைப்பீர்கள் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டாமா? குழல் வளைந்திருந்தால் எல்லாக் குண்டும் ஒரே பக்கம்தான் போகும். இடப்பக்கம் போகிறது என்றால் வலப்பக்கம் தள்ளிக் குறி வைக்கப் பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வியாதிக்கு வைத்தியம் உண்டு.

அந்தப் பெண் சொன்னது அதைவிட மோசமான வியாதி. ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை சோம்பேறியாகவும் சுடுகிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் அடிக்க முடியாது. மாமா சொன்னது எனக்குக் கோபம் மட்டும்தான். பெண் சொன்னது நெஞ்சில் முள். ஏனென்றால், வேகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவே நாங்கள் குடும்பத்தோடு பாடுபட்டிருக்கிறோம்.

கயிற்றுக் கட்டிலில் கட்டிய பலூன்

என் வீட்டுக்காரர் பண்ணையில் வேலை பார்த்தவர். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் குருவியும் கிளியும் வயலில் இறங்கும். அதுகளை விரட்டப் பண்ணையில் ஒரு காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அவர் பறவையைச் சுட மாட்டார், வரப்பில் இருக்கிற தகர டின்னைச் சுடுவார். டங்கென்று கேட்டதும் கூட்டமாகப் பறந்துவிடும். பண்ணையார் கேட்டால், குறி தப்பிவிட்டது என்பார். குறி தப்பாதவர் அவர்.

பிறகு கதிர் அறுக்கிற மெஷின் வந்தது. பண்ணையும் நிலத்தைக் கைமாற்றிவிட்டுப் பட்டணம் போனது. அந்தப் பழைய துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு பங்குனி மாதம், வலங்கைமானில் பாடைக்காவடித் திருவிழா. கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி நிறுத்தி, கயிற்றில் பலூன்களைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கட்டிலைப் பார்த்துச் சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்றார்கள்.

அன்றிலிருந்து டெல்டாவில் நாங்கள் போகாத திருவிழா இல்லை. மாரியம்மன் கோயிலானாலும் மாதா கோயிலானாலும் தர்காவில் கந்தூரியானாலும் போவோம். பிள்ளைகள் மேஜைக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கும்.

வீட்டுக்காரர் காலமான பிறகு துப்பாக்கிகளை நானே பிரித்து, நானே மாட்டினேன். நாகப்பட்டினத்தில் ஒரு கந்தூரியின்போது நான் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் நின்று பார்த்துவிட்டு, பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை, கிரைண்டரா இது என்று கேட்டார். கிரைண்டரும் பிரிப்பேன், கொண்டு வாருங்கள் என்றேன். போய்விட்டார்.

முதல் குண்டு மண்ணுக்கு

வேகத்தை அளக்கிறதுக்கு இப்போது ஏதோ கருவி வந்திருக்கிறதாம். குண்டு அதைத் தாண்டிப் போனால் நம்பர் காட்டுமாம். இருக்கட்டும். எங்களிடம் இருந்தது வாய்க்கால் களிமண்.

அடுப்புப் போடப் பிசைவது போலக் கட்டி இல்லாமல் பிசைய வேண்டும். தட்டில் அழுத்திப் பரப்பி நிறுத்தி வைக்க வேண்டும். ஒரே தூரத்தில் நின்று நாலைந்து குண்டு சுட வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஈர்க்குச்சியை விட்டு, மண் மட்டத்தில் நகத்தால் கிள்ளிவிட வேண்டும். குச்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிள்ளிய இடம் எல்லாம் ஒரே மட்டமாக வர வேண்டும். வந்தால் வேகம் ஒன்று. ஒரு குச்சி நெட்டையும் ஒரு குச்சி குட்டையுமாக இருந்தால் துப்பாக்கியைப் பிரித்தே ஆக வேண்டும்.

கடை திறந்ததும் முதல் குண்டுகள் மண்ணுக்குத்தான். இது எங்கள் வீட்டு வழக்கம். எத்தனை பெரிய கூட்டம் நின்றாலும் மண் சரி என்று சொன்ன பிறகுதான் ஜனங்கள் கையில் துப்பாக்கி.

துப்பாக்கியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் நான் சொல்லப் போகிறது விளங்காது. உள்ளே ஸ்பிரிங். அதன் முன்னால் பிஸ்டன். பிஸ்டன் நுனியில் தோல் வாஷர். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். தோல் காய்ந்திருந்தால் காற்று கசியும், குண்டு சோம்பும். அதனால் தோலுக்குக் கொஞ்சம் எண்ணெய் காட்ட வேண்டும். காட்ட வேண்டும் என்றுதான் சொன்னேன், ஊற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. தையல் மெஷின் எண்ணெயில் ஒன்றிரண்டு சொட்டு. தோல் அதைக் குடித்த பிறகு மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

துடைக்காவிட்டால் என்ன ஆகும்? காற்று இறுகும்போது உள்ளே சூடு உண்டாகும். தேங்கி நிற்கிற எண்ணெய் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். டமார் என்று சத்தம், குழல் வாயில் புகை, குண்டு பிசாசு மாதிரிப் போகும். அடுத்த தடவை எண்ணெய் பற்றாது, குண்டு பாதி வழியில் தூங்கும்.

குண்டும் சரியாக இருக்க வேண்டும். ஈயக்குண்டின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும். அது நசுங்கியிருந்தால் காற்று பக்கத்தில் ஓடிவிடும். முறத்தில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவது போல நசுங்கினதைப் பொறுக்கிப் போடுவோம். என் மூத்த மகள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு குண்டு பொறுக்கிக்கொண்டே பாடம் படித்தவள். இன்றைக்கு அவள் நர்ஸ்.

இவ்வளவும் செய்கிறவளைப் பார்த்துத்தான், குழலை வளைத்து வைத்திருப்பாங்க.

எனக்குக் கிடைத்த மன்னிப்பு

திருவிழாவுக்கு வருகிறேன். மாமா சத்தமாகப் பேசப் பேசக் கூட்டம் கூடிவிட்டது. நான் அவரைப் பார்த்து, வார்த்தையை அளந்து பேசச் சொன்னேன். அவர் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, கோபத்தைப் பார்த்தாலே தெரிகிறதே என்றார். அதற்குள் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் வந்து சேர்ந்தார். உரக்கடை வைத்திருக்கிறவர். யாரோடும் பகை வேண்டாம் என்று நினைக்கிற சாது.

அவர் மாமாவின் தோளில் கையைப் போட்டார். “விடுங்க தம்பி. பலூன் கடைன்னா அப்படித்தான், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? பெரியம்மா பொழப்புக்கு வந்துருக்காங்க.”

என் பக்கம் திரும்பி, நீங்கள் கடையைப் பாருங்கள் பெரியம்மா, நான் பேசிக்கொள்கிறேன் என்றார். எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டது போல ஒரு சிரிப்பு வேறு.

ஏமாற்றுகிறாள் என்று மாமா சொன்னபோது வந்த கோபத்தைவிட இந்த மன்னிப்பில் எனக்கு வந்த கோபம் பெரிது. நான் தப்புச் செய்தேனா இல்லையா என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. செய்திருப்பாள், பாவம், போகட்டும். அவ்வளவுதான் நம் மதிப்பு. அவருடைய கடையில் உரத்தில் மணல் கலக்கிறார் என்று ஒருவன் சொல்லி, நான் குறுக்கே போய், விடுங்க, உரக்கடைன்னா அப்படித்தான் என்று சமாதானம் பண்ணியிருந்தால் அவர் எனக்கு மாலையா போடுவார்?

துப்பாக்கியைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். தேர் எடுக்கிற நேரம் பெரியம்மா, பாண்டு செட்டு வந்தாயிற்று என்றார். சோதிக்காமல் போகக் கூடாது என்றேன். இதற்குப் போய் என்றார். அந்த வார்த்தை எனக்குப் போதும். இதற்குப் போய்!

பூந்தித் தட்டில் களிமண்

மண் தட்டு எங்கே என்று என் மகனைக் கேட்டேன். லூர்து, ஏழில் ஐந்தாமவன், கடையை என்னோடு பார்க்கிறவன். முழங்கால் வலி என்று நான் அன்றைக்குத் தாமதமாக வந்தேன். மண் பார்த்தாயிற்றா என்று கேட்டதற்கு, ஆயிற்று என்று சொல்லியிருந்தான். இப்போது கேட்டால், தட்டு ஊரிலேயே நின்றுவிட்டது என்கிறான். அப்படியானால் எந்த மண்ணில் பார்த்தாய் என்று நான் கேட்க, அவன் பலூனுக்குக் காற்று அடிக்கத் திரும்பிக்கொண்டான்.

நானே வாய்க்காலில் இறங்கினேன். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த நேரம், தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. கரையோரத்து மண்ணைப் புடவைத் தலைப்பில் அள்ளி வந்தேன். தட்டு வேண்டுமே. பக்கத்து மிட்டாய்க்கடையில் பூந்தித் தட்டு ஒன்று காலியாகிக் கிடந்தது. கேட்டேன். சேறா, இதிலா என்று அவர் பதறினார். அவர் முடிவு சொல்வதற்குள் தட்டு என் கையில் இருந்தது.

பிசைந்து பரப்பி நிறுத்தினேன். தேரைப் பார்க்க வந்தவர்கள் இதைப் பார்க்க நின்றுவிட்டார்கள். செயலாளர் மணி பார்த்துக்கொண்டே நின்றார். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். நான் சுடுகிறேன், நீ அள என்றேன்.

முதல் துப்பாக்கி. குச்சிகளை அவள் உள்ளங்கையில் வரிசையாக வைத்துக் காட்டினாள். ஒரே மட்டம். இரண்டாவதும் ஒரே மட்டம். நான் மாமாவை ஒரு பார்வை பார்த்தேன். பஜ்ஜி தீர்ந்துவிட்டது, அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்றாவதை எடுத்தேன். டமார் என்றது. குழல் வாயில் வெள்ளையாகப் புகை. குண்டு தட்டில் பட்டு டங்கென்று நின்றது. அடுத்த குண்டு மண்ணின் மேலேயே ஒட்டிக்கொண்டு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. அளக்க வேண்டிய அவசியமே இல்லை.

புகை என் முகத்துக்கு வந்தது. தேங்காயெண்ணெய் கருகிய வாசனை.

நான் லூர்துவைப் பார்த்தேன். அவன் பாக்கெட்டில் தலைக்குத் தடவுகிற எண்ணெய்ப் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. பழியை வேறு யார்மேல் போட முடியும்?

“எதுக்குடா ஊத்துன?”

“சத்தம் வந்தாத்தாம்மா கூட்டம் வரும். ராட்டினத்துக்காரன் பாட்டு போட்டுக் கெளப்புறான். நம்ம துப்பாக்கி புஸ்ஸுன்னா எவன் திரும்பிப் பாப்பான்? மத்தக் கடையில எல்லாம் ஊத்துறாங்க.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று சிலர் தலையாட்டினார்கள். செயலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தானே பெரியம்மா நான் அப்போதே சொன்னேன், எல்லாக் கடையிலும் நடக்கிறதுதான், தம்பியைத் திட்டாதீர்கள், துப்பாக்கியை எடுத்து வையுங்கள், வரிசை நிற்கிறது பாருங்கள் என்றார்.

“என் கடையில தப்பு நடந்துச்சுன்னு சொல்லுங்க, கேட்டுக்குறேன். தப்பு நடக்குறது சகஜம்னு சொல்லாதீங்க.”

மூன்றாவது துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி மேஜைக்கு அடியில் போட்டேன். தேர் பவனி நாள், வருஷத்திலேயே பெரிய கூட்டம். லூர்து தலையில் கை வைத்துக்கொண்டான். இன்று ஒரு நாள் மட்டும் ஓட்டிவிடலாம் அம்மா என்றான். தோலை மாற்றிக் கழுவித் துடைத்து, மண் சரி என்று சொல்கிற வரைக்கும் அது மேஜைக்கு வராது என்றேன். கோபித்துக்கொண்டு ராட்டினத்துப் பக்கம் போனவன் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் திரும்பினான்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது துப்பாக்கியைக் கொடுத்து, முதலிலிருந்து சுடச் சொன்னேன். சாக்பீஸ் ஒவ்வொன்றாகத் தெறித்தது. கடைசிக் குண்டு மட்டும் தப்பியது. மாமா வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இது என் தப்பு பாட்டி. நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல வார்த்தையை என் கடையில் யாரும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம்

கதை இதோடு நன்றாக முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வருஷம் கொடியேற்றத்துக்கு முன்னால் செயலாளர் லூர்துவுக்கு போன் பண்ணினார். மற்றப் பலூன் கடைக்காரர்களுக்கு வருத்தமாம். பெரியம்மா மண்ணைக் குழைத்துக் காட்டியதிலிருந்து ஜனங்கள் எல்லாக் கடையிலும் ஈர்க்குச்சி கேட்கிறார்களாம். அதனால் இடம் உண்டு, லூர்து மட்டும் வரட்டும், அம்மா வீட்டில் ஓய்வெடுக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம்.

எண்ணெய் ஊற்றியவனுக்கு இடம். துடைத்தவளுக்கு ஓய்வு. எத்தனை அழகான முடிவு பாருங்கள்.

லூர்து தலையைக் குனிந்துகொண்டு, போகவா அம்மா என்றான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போ என்றேன். எண்ணெயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. சொல்லி அனுப்பினால் அது என் துப்பாக்கி. சொல்லாமல் அனுப்பினால்தான் அது அவன் துப்பாக்கி.

அந்தத் திருவிழா நாட்களில் நான் வீட்டில் இருந்தேன். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ரேஷன் அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கினேன்.

கொடி இறக்கிய மறுநாள் வந்தான். குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். நான் கேட்கவில்லை. அவன்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நம்ம கடையில சத்தமே பத்தலன்னு கமிட்டிக்காரங்க கொறபட்டுக்கிட்டாங்கம்மா.”

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அவன் விஷயத்தில் என் மனசு ஆறிவிட்டது. மற்றபடி எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் என்னை அந்தத் திடலுக்குள் விட மறுக்கிறார்கள். பலூன் கடை என்றால் அப்படித்தான் என்று சொன்ன அந்தச் செயலாளர் இந்த இதழை வாங்குகிறவர்தான், படிக்கட்டும். நான் ஏமாற்றியதாகச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் வரலாம். மண் நான் பிசைகிறேன். குச்சி அவர் கையில் இருக்கட்டும்.

இவ்வளவையும் நான் சொல்லச் சொல்ல எழுதியவள் என் பேத்தி ஜான்சி. லூர்துவின் மகள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிக்க வரும், அதற்கு மேல் இவள்தான். உன் அப்பா தேங்காயெண்ணெய் ஊற்றிய இடத்தில் நீ பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினாய், நான் பார்த்தேன். எங்கே, அந்த இடத்தை இப்போது படி. மெதுவாகப் படி. நான் சொன்னபடி இருக்கிறதா என்று கேட்கிறேன்.